மாரிக்கு முன் மதகைப் பாருங்கள்: தார் வீதிகளைக் காக்கும் காலமும் முறையும்

கிடுகினாலும் பனையோலையினாலும் வேயப்பட்ட வீடுகள் பெரும்பான்மையாக இருந்த காலத்தில், வடக்கு, கிழக்குக் கிராமங்களில் கூரை வேய்வதற்கென ஒரு பருவம் இருந்தது. மாரி தொடங்கிய பின்னர் எவரும் கூரையைப் பிரிப்பதில்லை. பெரும்போகச் செய்கைக்கு முன்னர் வாய்க்கால்களைத் துப்புரவு செய்வதும் வரம்புகளைக் கட்டுவதும் அவ்வாறே நடைபெற்று வந்துள்ளன, இன்றும் நடைபெறுகின்றன. நீர் வருவதற்கு முன்னர் செய்யவேண்டிய வேலையை நீர் வந்த பின்னர் செய்ய முடியாது என்பதை எமது மக்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

ஆயினும் நாம் நாள்தோறும் பயன்படுத்தும் வீதிகளைப் பொறுத்தவரை இந்த எளிய அறிவு கவனத்திற் கொள்ளப்படுவதாகத் தெரியவில்லை. ஐப்பசியில் மழை தொடங்குகிறது. கார்த்திகையில் வீதி குன்றும் குழியுமாகிறது. குழியில் நிறைந்த நீரின் ஆழம் தெரியாமல் மோட்டார் சைக்கிளில் செல்வோர் விழுந்து காயமடைகின்றனர். கர்ப்பிணித் தாய்மாரை ஏற்றிவரும் முச்சக்கர வண்டிகள் நடை வேகத்தில் ஊர்கின்றன. பாடசாலைச் சிறுவர்களின் வெண்ணிறச் சீருடை சேற்று நிறமாகிறது. பின்னர் மழைக்கிடையே ஓர் உழவு இயந்திரத்தில் தார்க் கலவை வந்து குழிகளில் கொட்டப்படுகிறது. அடுத்த மழைக்கு அக்கலவையும் கழுவுண்டு போகிறது. ஆண்டுதோறும் இதுவே வழமையாகிவிட்டது.

இதற்கு நிதிப் பற்றாக்குறையே காரணம் எனக் கூறப்படுவதுண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் இருக்கின்ற நிதியும் தவறான மாதத்தில் செலவிடப்படுகிறது என்பதே இக்கட்டுரை சுட்டிக்காட்ட விழையும் விடயமாகும். தார் வீதியைப் பராமரிப்பது காலம் பார்த்துச் செய்யவேண்டிய வேலை. அதன் காரணத்தை விளங்கிக்கொள்வதற்கு வீதி எவ்வாறு ஆக்கப்பட்டுள்ளது, எதனால் அழிகிறது என்பவற்றை அறிந்துகொள்வது அவசியமாகும்.

வீதியின் அமைப்பு

எமது கண்ணுக்குத் தெரியும் கரிய மேற்பரப்பு வீதியின் மிக மெல்லிய பகுதி மட்டுமே. அதன் கீழே உடைத்த கருங்கல் அடுக்கும், அதற்குக் கீழே கிறவல் அடுக்கும், எல்லாவற்றுக்கும் அடியில் இயற்கை நிலமும் உள்ளன. வாகனத்தின் பாரத்தை உண்மையிற் சுமப்பவை இந்தக் கீழ் அடுக்குகளேயாகும். மேலேயுள்ள தார்ப் படை சில்லின் உராய்வைத் தாங்குவதோடு, மழை நீர் உள்ளே செல்லாமல் தடுக்கும் கூரையாகவும் பயன்படுகிறது.

நாம் வழக்கில் தார் எனக் குறிப்பிடுவது இன்று பெற்றோலியத்தைச் சுத்திகரிக்கும்போது எஞ்சும் பிற்றுமின் ஆகும். முற்காலத்தில் நிலக்கரியிலிருந்து பெறப்பட்ட தார் பயன்படுத்தப்பட்டதால் அப்பெயர் நிலைத்துவிட்டது. சூடாக்கிய கல்லையும் மணலையும் பிற்றுமினுடன் ஆலையில் கலந்து, இயந்திரத்தால் விரித்து, உருளையால் இறுக்கும் வீதியையே மக்கள் ‘காபட் வீதி’ என்கின்றனர். கிராமப்புறங்களில் கல்லைப் பரவி அதன்மேல் தாரை ஊற்றி இறுக்கிய வீதிகளும், தாரும் சிறுகல்லும் இரண்டு படைகளாக இடப்பட்ட வீதிகளும் இன்னும் ஏராளமாக உள்ளன. எந்த வகையாயினும் அடிப்படை ஒன்றே. மேற்பரப்பு நீரைத் தடுக்க, கீழ் அடுக்குகள் உலர்ந்திருந்து பாரத்தைச் சுமக்கவேண்டும்.

இந்த உண்மையை இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே வலியுறுத்தியவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜோன் லௌடன் மக்கடம் (1756–1836) என்ற வீதிப் பொறியியலாளர். பாரத்தை இறுதியில் தாங்குவது இயற்கை நிலமே, அதனை உலர்ந்த நிலையில் வைத்திருந்தால் அது எந்தப் பாரத்தையும் சுமக்கும் என்பது அவரது கோட்பாடாகும். கல்வீதிகளை இன்றும் ‘மக்கடம்’ என்ற சொல்லால் பொறியியலாளர்கள் குறிப்பிடுவது அவர் நினைவாகவே.

நீர் வீதியை அழிக்கும் விதம்

புதிய தார்ப் படை ஓரளவு நெகிழும் தன்மை உடையது. காலப்போக்கில் வெயிலும் காற்றிலுள்ள ஒட்சிசனும் பிற்றுமினை இறுகச் செய்கின்றன. எமது வரண்ட வலயத்தில் நண்பகல் வேளையில் தார் வீதியின் மேற்பரப்பு வெப்பநிலை 60 பாகை செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். இவ்வாறு பல கோடைகளைக் கண்ட தார் வரண்டு, நெகிழ்ச்சியை இழந்து, மயிரிழை போன்ற வெடிப்புகளைக் காட்டத் தொடங்கும். கரிய நிறம் மங்கிச் சாம்பல் நிறமாவது அதன் முதலாவது அறிகுறியாகும்.

வெடிப்பின் வழியே மழை நீர் உள்ளே இறங்குகிறது. நீர் ஊறிய கிறவலும் மண்ணும் இளகித் தமது தாங்குவலுவை இழக்கின்றன. அவ்வேளையில் பாரமான வாகனமொன்று மேலே செல்லும்போது, அடியிலுள்ள நீர் அமுக்கப்பட்டு நுண்ணிய மண்துகள்களோடு வெடிப்பினூடாக வெளியேறுகிறது. மழைநாளில் வீதி வெடிப்புகளின் அருகே சேற்றுநிறத் தடங்களைக் காண்கின்றோமே, அவை வீதியின் அடித்தளம் வெளியேறிக்கொண்டிருப்பதன் அடையாளமாகும். உள்ளே வெறுமை உண்டாக, மேற்பரப்பு முதலைத் தோல் போல வலைப்பின்னலாக வெடிக்கிறது. பின்னர் ஒரு துண்டு பெயர்கிறது. அதுவே குழி. அன்றிலிருந்து ஒவ்வொரு சில்லும் அக்குழியின் விளிம்பைத் தட்டி உடைத்துப் பெரிதாக்குகிறது.

நீர் மேலிருந்து மட்டும் வருவதில்லை. வீதியோர வாய்க்கால் அடைபட்டிருந்தால் தேங்கிய நீர் பக்கவாட்டில் ஊறி உள்ளே செல்கிறது. மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று போன்ற கரையோரப் பகுதிகளில் நிலத்தடி நீர்மட்டம் மாரியில் உயர்ந்து கீழிருந்தும் வீதியை நனைக்கிறது. ஆகவே, மேற்பரப்பில் எவ்வளவு தார் ஊற்றினாலும், வடிகால் இல்லாத வீதி நிலைக்காது.

குளிர் நாடுகளின் முன்னேற்பாடு

இந்த விடயத்தில் குளிர் நாடுகளின் நடைமுறை நோக்கற்பாலது. கனடாவின் ரொறன்ரோ நகரில் எமது மக்கள் பெருந்தொகையாக வாழ்கின்றனர். அங்கே மாரிகாலக் குளிர் தொடங்குமுன், இலையுதிர்காலத்தில், வீதிகளிலும் வாகனத் தரிப்பிடங்களிலும் வீட்டு முற்றங்களிலும் தார்ப் பரப்பின் வெடிப்புகளைத் துப்புரவு செய்து, றப்பர் கலந்த சூடான தாரை ஊற்றி அடைப்பதை அவர்கள் ஆண்டுதோறும் காண்கின்றனர். சிலர் அத்தொழிலிலும் ஈடுபட்டுள்ளனர்.

அங்கே எதிரி உறைபனி. நீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 வீதத்தால் பெருகும். வெடிப்பினுள் இறங்கிய நீர் இரவில் உறைந்து விரிந்து வெடிப்பை அகலமாக்குகிறது. பகலில் உருகி மேலும் ஆழமாக இறங்குகிறது. மறுநாள் இரவு மீண்டும் உறைகிறது. ஒரே பருவத்தில் இது பல தடவைகள் நிகழ்கிறது. நிலத்தில் உறைந்த நீர் வசந்தகாலத்தில் உருகும்போது அடித்தளம் இளகிவிடுகிறது. பனியுருகும் காலத்தில் வீதிகளில் குழிகள் திடீரெனப் பெருகுவதற்கு இதுவே காரணம்.

குளிர் நாடுகளில் இக்காலக்கெடுவை மீற முடியாது. சூடான தார்க் கலவையை 130 பாகை செல்சியஸுக்கும் அதிகமான வெப்பத்தில் விரித்து, அது ஆறி இறுகுமுன் உருளையால் அமுக்கவேண்டும். சூழல் வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே சென்றால், மெல்லிய படை விரித்த சில நிமிடங்களிலேயே ஆறிவிடும்; சரியாக இறுகாது. எனவே, மேற்படை இடும் வேலைகள் குளிர் வந்ததும் நிறுத்தப்படுகின்றன. தார்க் கலவை ஆலைகள் பலவும் பருவம் முடிந்ததும் மூடப்படுகின்றன. குளிர்காலத்தில் தோன்றும் குழிகளுக்கு, சூடாக்காமல் இடக்கூடிய தற்காலிகக் கலவை மாத்திரமே பயன்படுத்தப்படும். அது தற்காலிகமானது என்பதை அறிந்தே இடுகின்றனர். வசந்தத்தில் அதனை அகற்றி முறையாகத் திருத்துகின்றனர்.

எமது நாட்டில் வீதியை உடைக்கும் அளவுக்கு உறைபனி இல்லை. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சில காலைகளில் புல்வெளியில் உறைபனி படிவதுண்டு. அது வீதியின் அடித்தளத்தை எட்டுவதில்லை. ஆனால், குளிர் நாட்டவர்க்கு உறைபனி எதுவோ எமக்கு அடைமழை அதுவே. இரண்டிலும் வீதியை அழிப்பது நீர்தான். இரண்டிலும் நீர் வருவதற்கு முன்னர் வெடிப்பு அடைபடவேண்டும். நாள் குறிக்கப்பட்டிருப்பதை அவர்கள் மறப்பதில்லை என்பதே வேறுபாடு.

எமது காலக்கெடு

இலங்கையின் மழைப் பருவங்களை வளிமண்டலவியல் திணைக்களம் நான்காக வகுத்துள்ளது. மார்ச், ஏப்ரல் மாதங்கள் முதலாவது இடைப்பருவம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஒக்டோபர், நவம்பர் இரண்டாவது இடைப்பருவம். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை. வடக்கிலும் கிழக்கிலும் ஆண்டு மழைவீழ்ச்சியின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான நான்கு மாதங்களுக்குள்ளேயே பெய்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களில் பெரும்பாலும் வெயில்.

இவ்வாறு மழை ஒரே காலத்தில் குவிந்து பெய்வது வீதிக்குக் கேடானது. எனினும் வேலை செய்வோருக்கு அதிலே ஒரு வசதியும் உண்டு. ஜூன் முதல் செப்டெம்பர் நடுப்பகுதி வரை, அதாவது ஆனி முதல் ஆவணி வரை, நிலம் உலர்ந்திருக்கிறது, கல் உலர்ந்திருக்கிறது, வாய்க்கால் வெறுமையாக இருக்கிறது. உலர்ந்த கல்லிலேயே தார் ஒட்டும். ஈரக் கல்லுக்கும் தாருக்கும் இடையே நீர்ப் படலம் நின்றுவிட்டால் அவை பின்னர் பிரிந்துவிடும். எனவே, கோடையின் பிற்பகுதியே எமது இலையுதிர்காலம் எனலாம்.

மலையகத்தின் நிலை வேறு. அங்கு மேற்குச் சரிவுகள் தென்மேற்குப் பருவத்திலும் கிழக்குச் சரிவுகள் வடகீழ்ப் பருவத்திலும் அதிக மழையைப் பெறுகின்றன. ஆகையால் வேலைக்குரிய மாதங்களை ஒவ்வொரு பிரதேசத்துக்கும் தனித்தனியே தீர்மானிக்கவேண்டும். அங்கு மலைப்பக்க வாய்க்காலைத் துப்புரவாக வைத்திருப்பதே முதன்மையானது. அது அடைபட்டால் நீர் வீதியைக் குறுக்கறுத்துப் பள்ளத்தாக்குப் பக்கத்து ஓரத்தை அரித்துவிடும்.

வேலையின் ஒழுங்கு

மாரிக்கு முந்திய பராமரிப்பில் எதை முதலிற் செய்வது, எதை இறுதியிற் செய்வது என்பது முக்கியமானது. பொதுமக்கள் முதலில் எதிர்பார்ப்பது தாரை. பொறியியல் முதலில் வேண்டுவதோ மண்வெட்டியை.

முதலாவது, வடிகால். மதகுகளின் உள்ளே சேர்ந்த மணல், குப்பை, பிளாஸ்டிக் போத்தல்கள், வேர்கள் ஆகியவற்றை அகற்றி, நீர் வெளியேறும் வழியை வயல் அல்லது குளம் வரை திறந்துவிடவேண்டும். மதகின் ஒரு வாயை மாத்திரம் திறந்து மறுவாயை விட்டுவிட்டால் பயனில்லை. யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற சமதரைப் பிரதேசங்களில் வெள்ள வாய்க்கால்களும் ஊர்க் குளங்களுமே நீரின் போக்கிடம். வாய்க்காலை நிரவி மதில் கட்டப்பட்ட இடங்களில் வீதியே வாய்க்காலாகிவிடுகிறது.

இரண்டாவது, வீதியின் ஓரம். தார் வீதி நடுவில் உயர்ந்தும் இரு மருங்கும் சரிந்தும் அமைக்கப்படுகிறது. 6 மீற்றர் அகலமான வீதியில் இந்தச் சரிவு 2.5 வீதமாயின், நடுப்பகுதி ஓரத்தைவிட 7.5 சென்ரிமீற்றர் உயரமாக இருக்கும். மழைநீர் உடனே வழிந்தோட இது போதும். ஆனால் ஓரத்தில் புல் வளர்ந்து, அதில் மண் படிந்து, மண் ஓரம் தார்ப் பரப்பைவிட உயர்ந்துவிடுகிறது. அப்போது வழிந்த நீர் வெளியேற முடியாமல் தார் விளிம்பிலேயே தேங்குகிறது. அவ்விடத்தில் புல்லைச் செதுக்கி மண்ணை வெட்டி இறக்கவேண்டும். மறுபுறம், மண் அரித்துச் சென்று ஓரம் பள்ளமான இடங்களில் தார் விளிம்பு தாங்குதலின்றி உடையும். அங்கே கிறவல் இட்டு இறுக்கவேண்டும்.

மூன்றாவது, குழிகள். நான்காவது, வெடிப்புகள். இறுதியாக, வரண்டு வெளிறிய மேற்பரப்புக்கு மெல்லிய தார்ப்பூச்சும் அதன்மேல் மணல் அல்லது சிறுகல்லும் இடுதல். வடிகாலைத் திறக்காமல் குழியை அடைப்பது, ஒழுகும் கூரையின் கீழே சுவருக்கு வெள்ளை அடிப்பதற்கு ஒப்பானது.

குழியை அடைக்கும் முறை

குழியை அடைப்பது இலகுவான வேலைபோலத் தோன்றினாலும், அதற்கென ஒரு முறை உண்டு. குழியைச் சுற்றி வலுவான பகுதி வரும்வரை சதுரமாகவோ நீள்சதுரமாகவோ வெட்டி, பக்கங்களை நேர்குத்தாக்கவேண்டும். வட்டமாக, சரிந்த விளிம்போடு விடப்பட்ட குழியில் இட்ட கலவை சில்லின் தாக்கத்தால் வெளியே தள்ளப்படும். பின்னர் உள்ளேயுள்ள நீரையும் சேற்றையும் தளர்ந்த கல்லையும் முற்றாக அகற்றவேண்டும். அடித்தளம் பழுதடைந்திருந்தால் புதிய கல்லிட்டு இறுக்கவேண்டும்.

அதன்பின் அடியிலும் பக்கங்களிலும் இமல்சன் எனப்படும் தார்க் குழம்பை மெல்லியதாகப் பூசவேண்டும். இது பழையதையும் புதியதையும் ஒட்டவைக்கும் பசை. அடுத்து, கலவையை ஒரே தடவையில் நிரப்பாமல் படைபடையாக இட்டு, ஒவ்வொரு படையையும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி இறுக்கவேண்டும். இறுதிப் படை சுற்றியுள்ள பரப்பைவிடச் சில மில்லிமீற்றர் உயரமாக நிற்பது நல்லது. வாகனங்கள் செல்லச் செல்ல அது சமப்படும். கடைசியாக, இணைப்புக் கோட்டின்மேல் தார் பூசி அடைத்துவிட்டால் நீர் நுழைய இடமிராது.

மழை வேளையில் இவற்றுள் எதையும் ஒழுங்காகச் செய்ய முடியாது. குழியில் நீர் நிற்கும், இமல்சன் காய்வதற்கு முன்னர் கழுவப்படும், கலவை சூடாறிவிடும். ஆகவேதான் மாரியில் அடைக்கப்பட்ட குழி அதே மாரியில் மீண்டும் வாய் திறக்கிறது. தவிர்க்க முடியாத அவசரத்தில் உயிராபத்தான குழிகளைத் தற்காலிகமாக நிரவுவது தவறன்று. அதனை நிரந்தரத் திருத்தமாகக் கணக்கிடுவதே தவறு.

வெடிப்புகளை அடைப்பது இதனினும் எளிது. தூசியையும் புல்லையும் அகற்றி, உலர்ந்த நிலையில் தாரை ஊற்றி, மேலே மணல் தூவினால் போதும். ஒரு தார்ச் சட்டியும் சில தொழிலாளர்களும் ஒரு நாளில் கணிசமான தூரத்தை முடித்துவிடலாம். இத்தகைய வேலைக்குத் திறப்பு விழா இல்லை. பெயர்ப் பலகையும் இல்லை. அதனாலேயே இது அதிகம் கவனிக்கப்படுவதில்லை போலும்.

பாரமும் வெட்டும்

நீரோடு மேலும் இரண்டு காரணிகள் சேர்கின்றன. ஒன்று, அளவுக்கு மீறிய பாரம். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் நடத்தப்பட்ட பெரும் வீதிப் பரிசோதனையிலிருந்து பெறப்பட்ட முடிவொன்றைப் பொறியியலாளர்கள் இன்றும் பயன்படுத்துகின்றனர். ஓர் அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் வீதிக்கு ஏற்படும் சேதம் இரண்டு மடங்கன்று. ஏறத்தாழ 16 மடங்காகும். மணலும் கிறவலும் ஏற்றிய டிப்பர்கள் நீரூறிய கிராமிய வீதியில் ஓடும்போது என்ன நிகழும் என்பதை விளக்கவேண்டியதில்லை. கார்த்திகை, மார்கழி மாதங்களில் மெலிந்த வீதிகளில் பார வாகனங்களை மட்டுப்படுத்துவது ஒரு ரூபாவும் செலவில்லாத பராமரிப்பாகும். குளிர் நாடுகள் பலவற்றில் பனியுருகும் காலத்தில் இத்தகைய கட்டுப்பாடு நடைமுறையில் உள்ளது.

மற்றையது, வீதியை வெட்டுதல். குடிநீர்க் குழாய்க்காகவும் தொலைபேசி வடத்துக்காகவும் வெட்டப்படும் வீதிகள் பல இடங்களில் மண்ணால் மூடப்பட்டு அவ்வாறே விடப்படுகின்றன. குழாய் அவசியமானதே. ஆனால் வெட்டிய குழியைப் படைபடையாக இறுக்கி, மேற்பரப்பை மாரிக்கு முன் தாரால் மூடாவிட்டால், அந்த நீண்ட வெட்டு முழு வீதிக்குள்ளும் நீரைக் கொண்டுசெல்லும் வாய்க்காலாகிவிடும். செப்டெம்பருக்குப் பின்னர் புதிய வெட்டுக்கு அனுமதி வழங்காதிருப்பதும், வெட்டிய நிறுவனமே மூடுவதற்கும் பொறுப்பு என்பதை உறுதிசெய்வதும் உள்ளூர் அதிகார சபைகளின் கடமையாகும்.

எவருடைய வீதி?

வீதி பழுதடைந்தால் எவரிடம் முறையிடுவது என்பது பலருக்குத் தெளிவில்லை. ‘ஏ’, ‘பீ’ தர வீதிகள் 1981ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளன. ‘சீ’, ‘டீ’ தர வீதிகள் மாகாண நிர்வாகத்தின் கீழ் வருகின்றன. ஊர் வீதிகளும் ஒழுங்கைகளும் மாநகர, நகர, பிரதேச சபைகளுக்கு உரியவை. ஒரே சந்தியில் மூன்று நிர்வாகங்களின் வீதிகள் சந்திப்பதுமுண்டு. ஒரு சபையின் வாய்க்கால் மற்றொரு திணைக்களத்தின் மதகில் முடிகிறது. மதகு அடைபட்டால் இருவரும் மற்றவரைக் கைகாட்டுகின்றனர்.

கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரிலும் வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரிலும் முடிவடைந்தன. உள்ளூராட்சி மன்றங்களும் 2023 மார்ச் முதல் 2025 மே மாதம் நடந்த தேர்தல் வரை மக்கள் பிரதிநிதிகளின்றி இயங்கின. இந்த இடைவெளியில் மக்களின் முறைப்பாடுகளைக் கொண்டுசெல்லும் வழி குறுகியிருந்தது. 2025இல் தெரிவான சபைகளுக்கு இதனைச் சரிசெய்யும் வாய்ப்புக் கிடைத்தது.

நிதியாண்டும் மழையாண்டும்

இனி, பிரச்சினையின் மையத்துக்கு வருவோம். அரசின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசெம்பரில் முடிகிறது. ஒதுக்கீடு பகிரப்பட்டு, மதிப்பீடு தயாரிக்கப்பட்டு, கேள்விப்பத்திரம் கோரப்பட்டு, ஒப்பந்தம் கைச்சாத்தாகும்போது பெரும்பாலும் ஆண்டின் நடுப்பகுதி கடந்துவிடுகிறது. நிதி கைக்கு வருவதில் சிறு தாமதம் ஏற்பட்டாலும் வேலை ஒக்டோபருக்குத் தள்ளப்படும். டிசெம்பர் 31க்குள் செலவிடப்படாத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும் என்பதால், அடைமழையிலும் தார் ஊற்றி வேலையை முடிக்கும் நிர்ப்பந்தம் உண்டாகிறது.

கொழும்பைச் சார்ந்த தென்மேற்குப் பகுதிக்கு டிசெம்பர் ஓரளவு மழை குறைந்த மாதம். வடக்கு, கிழக்குக்கோ அது மாரியின் நடுப்பகுதி. ஒரே நிதி நாட்காட்டி நாடெங்கும் பொருந்துவதாகக் கொள்ளப்படுவதால், ஒரு பகுதி மக்களின் வரிப்பணம் ஆண்டுதோறும் மழையிற் கரைகிறது. இது எவரும் திட்டமிட்டுச் செய்த அநீதி எனக் கூறவேண்டியதில்லை. ஆயினும் அதன் விளைவு அநீதியே.

இதற்குச் சட்டத்தை மாற்றவேண்டிய அவசியமில்லை. பராமரிப்பு மதிப்பீடுகளை முந்திய ஆண்டின் இறுதியில், மழையின்போதே தயாரிக்கலாம். உண்மையில் அதுவே சிறந்த காலம். எந்த இடத்தில் நீர் தேங்குகிறது, எந்த மதகு போதாது என்பதை மழைநாள் காட்டிக்கொடுக்கும். ஏப்ரலுக்குள் ஒப்பந்தம், ஆகஸ்டுக்குள் வேலை, செப்டெம்பரில் பரிசோதனை என ஒரு கால அட்டவணையை வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கெனத் தனியாக நடைமுறைப்படுத்தலாம்.

பெரும்போகத்துக்கு முன்னர் கமக்காரர்களும் நீர்ப்பாசன அதிகாரிகளும் மாவட்டச் செயலக அலுவலர்களும் ஒன்றுகூடி, வாய்க்கால் துப்புரவு முடியும் நாள், நீர் திறக்கும் நாள் என்பவற்றைத் தீர்மானிக்கும் கூட்டம் எமது பிரதேசங்களில் நடைபெறுகிறது. வீதிக்கும் அவ்வாறான ஒரு கூட்டத்தை ஒவ்வொரு பிரதேசத்திலும் ஆனி மாதத்தில் கூட்டினால் என்ன? வீதி அபிவிருத்தி அதிகார சபை, மாகாணத் திணைக்களம், பிரதேச சபை ஆகிய மூன்று தரப்பினரும் கிராம அபிவிருத்திச் சங்கம், கோவில் மற்றும் பள்ளிவாசல் நிர்வாகத்தினர், பேருந்து, முச்சக்கர வண்டிச் சங்கத்தினர் ஆகியோரும் ஓர் அறையில் அமர்ந்து, எந்த மதகு எவருடையது, எந்த நாளுக்குள் துப்புரவாகும் என எழுதிவைத்தால், கைகாட்டும் வழக்கம் குறையும்.

ஏன் இது இப்போது முக்கியமானது?

2009இன் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் வீதிகள் பெருமளவில் மீளமைக்கப்பட்டன. ஏ9 வீதி அகலமாயிற்று. ஏ32 வீதியில் சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. திருகோணமலையையும் மட்டக்களப்பையும் இணைக்கும் ஏ15 வீதியில் படகுச் சேவைகளின் இடத்தைப் பாலங்கள் பெற்றன. இவற்றிற் பல வெளிநாட்டுக் கடனைக் கொண்டு நிறைவேற்றப்பட்டவை. தார் மேற்படை ஒன்றின் ஆயுள் பொதுவாகப் பத்து முதல் இருபது ஆண்டுகள் எனக் கொள்ளப்படுகிறது. அவ்வகையில் இவ்வீதிகள் பராமரிப்பே அவற்றின் விதியைத் தீர்மானிக்கும் வயதை அடைந்துள்ளன. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களை மீளச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவிக்கும் நிலைக்கு வந்த நாடு இது. அந்த நெருக்கடியின்போது வீதி வேலைகள் நாடெங்கும் முடங்கியதை மறந்திருக்க மாட்டோம். இதே வீதிகளை இன்னொரு தடவை கடன்பட்டு அமைக்கலாம் என எதிர்பார்ப்பதற்கில்லை. கடன் தீருமுன்னர் வீதி தீர்ந்துவிடக் கூடாது.

உலக வங்கியின் 1994ஆம் ஆண்டு உலக அபிவிருத்தி அறிக்கை, ஆபிரிக்காவின் அனுபவத்தை எடுத்துக்காட்டியிருந்தது. உரிய காலத்தில் 1,200 கோடி டொலரை வீதிப் பராமரிப்புக்குச் செலவிட்டிருந்தால், மீளமைப்புக்கு வேண்டிய 4,500 கோடி டொலர் மிச்சமாகியிருக்கும் என்பது அதன் மதிப்பீடாகும். பராமரிப்பைப் பிற்போடுவது சேமிப்பன்று. அது வட்டி கூடிய கடன்.

2025 நவம்பர் இறுதியில் நாட்டைத் தாக்கிய டித்வா புயல் போன்ற பேரிடர்களை மதகுத் துப்புரவால் தடுத்துவிட முடியாது என்பது உண்மையே. 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியை மேவிப் பாய்ந்த வெள்ளம், உழவு இயந்திரத்திற் சென்ற மத்ரஸா மாணவர்களை அடித்துச் சென்ற துயரமும் குழி அடைப்பதால் தீரக்கூடிய விடயமன்று. அது வீதியின் உயரம், நீர்வழியின் அகலம் ஆகியவை பற்றிய கேள்வி. ஆனால் நீரின் வழியை மறந்து வீதியைப் பேச முடியாது என்பதை இந்நிகழ்வுகள் உணர்த்துகின்றன. பேரிடர் எப்போதோ ஒருமுறை வருவது. மாரி ஒவ்வோர் ஆண்டும் வருவது. ஆண்டுதோறும் வருவதற்கு ஆயத்தமாக இராத நிர்வாகம், எப்போதோ வருவதற்கு ஆயத்தமாகும் என நம்புவது கடினம்.

பொதுமக்களுக்கும் இதில் பங்குண்டு. வீட்டு வாசலில் வாய்க்காலை மண்ணால் நிரவிப் பாதை அமைக்காதிருத்தல், மதகினுள் குப்பை கொட்டாதிருத்தல், நீர் தேங்கும் இடத்தை மழைநாளிலேயே படம்பிடித்து உரிய அலுவலகத்துக்கு எழுத்துமூலம் அறிவித்தல் ஆகியன எவராலும் செய்யக்கூடியவை. தமது ஊருக்குக் காபட் வீதி வேண்டும் எனக் கேட்கும் மக்கள், அவ்வீதிக்கான பராமரிப்பு ஒதுக்கீடு எவ்வளவு, அது எந்த மாதத்தில் செலவிடப்படும் என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும். அக்கேள்வியை மார்கழியில் கேட்டுப் பயனில்லை, ஆனியில் கேட்கவேண்டும்.